வரைவு விதிக்கு நேர்ந்த சேவல்

புதுக்கடை சந்திப்பில் கறிக்கோழிக் கடை வைத்திருக்கும் ஜெயசிங்குக்கு மத்திய அரசின் மேல் அதுவரை தனிப்பட்ட கோபம் எதுவும் இருந்ததில்லை. கோபப்படும் அளவுக்கு இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதில்லை. கோழிகளின் நலனுக்காக டெல்லியில் ஒரு வரைவு விதி தயாராகியிருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த அன்றைக்குத்தான் உறவு கெட்டது.

வரைவு சொன்னது இதுதான். கடையில் நிற்கும் ஒவ்வொரு கோழிக்கும் சிறகை விரிக்க இடம் வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. ஒரு கோழியின் கண்முன்னால் இன்னொன்றை வெட்டக் கூடாது. ஜெயசிங்கின் கடையிலோ கூண்டும் தராசும் வெட்டுக்கட்டையும் ஜெயசிங்கும் நின்றால் அப்புறம் காற்று நுழையவே யோசிக்கும். அங்கே கோழி சிறகை விரித்தால் ஜெயசிங் ரோட்டில்தான் நிற்க வேண்டும். விதி வந்தால் கடையை மூட வேண்டியதுதான். கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து போட்ட கடை அது. மறுபடி விமானம் ஏறும் வயதும் தாண்டிவிட்டது.

கோழி வியாபாரிகள் சங்கம் உடனே கூடியது. தலைவர் ததேயுஸ் குளச்சலில் மொத்த வியாபாரம் செய்பவர், தொண்டையாலேயே சங்கத்தை நடத்துகிறவர். எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஜெயசிங் செயலாளர். அவர் எழுதிய ஆட்சேபனை மனு நன்றாகவே இருந்தது. 'கோழிக்கு ஞாபகசக்தி கிடையாது. பக்கத்துக் கோழி எங்கே போயிற்று என்று அது யோசிப்பதில்லை. தலைகீழாகத் தூக்கும்போது அது மன அமைதி அடைகிறது.' கடைசி வாக்கியத்துக்கு ததேயுஸ் கைதட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு காரியத்தை அரசாங்கத்திடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் வழக்கம் ஜெயசிங் குடும்பத்தில் இல்லை. சங்கத்து ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பத்து இசக்கியம்மன் முன்னால் நின்று, "அம்மா, இந்த வரைவு ரத்தாச்சுண்ணா ஒனக்கு ஒரு செவலச் சேவலு வெட்டித் தாறேன்" என்று சத்தமாக நேர்ந்துகொண்டார். உயிர்களைக் காக்கும் விதியை ஒழிக்க ஓர் உயிரைக் கொடுப்பதில் அங்கே யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

வீட்டில் மனைவி சுனிதாவுக்குத்தான் இருந்தது. அவள் அய்யாவழிக் குடும்பத்துப் பெண். கோழிக்குழம்பு பிரமாதமாக வைப்பாள், ரசித்துச் சாப்பிடவும் செய்வாள். சாமிக்குப் பலி கொடுப்பது மட்டும் அந்த வழியில் ஆகாது.

"திங்கியதுக்கு வெட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல்ல. கைக்கூலி குடுக்கியதுக்கு வெட்டாதீங்க."

"ஏட்டி, இது நேர்ச்ச. கைக்கூலி இல்ல."

"இதையே ஆபீசருக்கு குடுத்தா என்ன பேரு சொல்லுவிய?"

ஜெயசிங் சேவல் வாங்கப் போய்விட்டார்.

நேர்ந்த சேவலுக்கு அவர் குடும்பத்தில் சில முறைகள் உண்டு. அதை அடைக்கக் கூடாது, கட்டக் கூடாது, காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அதன் முன்னால் வேறொன்றை வெட்டவும் கூடாது. மிரண்ட சேவலை அம்மன் ஏற்கமாட்டாள். ஆகவே கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு முற்றத்தில், அயனிமரத்து நிழலில், மத்திய அரசின் வரைவு விதி வேறு எங்கும் வருமுன்னே முழுமையாக அமலுக்கு வந்தது. அமல்படுத்தியவர் அதை எதிர்க்கும் சங்கத்தின் செயலாளர்.

சேவல் வளர்ந்தது. வளர்ந்ததோடு நிற்காமல் மனுவில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் பொய்யாக்கிக்கொண்டும் வந்தது. எத்தனை பைக் போனாலும் ஜெயசிங்கின் பைக் சத்தத்துக்கு மட்டும் வேலிவரை ஓடி வந்தது. பக்கத்து வீட்டு முத்துக்கனி ஒருமுறை விளக்குமாற்றை வீசியதை மறக்காமல், அவளைக் கண்டாலே கழுத்து இறகைச் சிலிர்த்தது. கடையில் வெட்டு நடக்கும்போது மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. ஜெயசிங் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். 'ஏலே' என்று மட்டும் கூப்பிட்டார். அதற்கும் அது திரும்பிப் பார்த்தது. பார்க்கும்போதெல்லாம் அவர் கை அரிசிப் பாத்திரத்துக்குப் போனது. அதை மறைக்கச் சேவலைத் திட்டினார்.

கருத்துக் கேட்க டெல்லியிலிருந்து ஒரு பெண் கால்நடை டாக்டர் வந்தார். சொந்த ஊர் பாறசாலைப் பக்கம் என்பதால் நம் பேச்சு அவருக்கு முழுதாக விளங்கும். இவ்வளவு சின்ன இடத்தில் விதி எப்படிச் செல்லும் என்று கண்ணால் காணட்டும் என்று ததேயுஸ் அவரை ஜெயசிங்கின் கடைக்கே அழைத்து வந்தார். மரியாதைக்காக அன்று வெட்டு இல்லை. எனவே சேவல் தாராளமாகக் கடைக்குள் நடந்து வந்து ஜெயசிங்கின் கால் பக்கத்தில் நின்றது.

"இது மட்டும் ஏன் கூட்டுல இல்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"அது நேர்ச்சச் சேவலு, மேடம்."

"எதுக்கு நேர்ந்தது?"

ஜெயசிங் ததேயுஸைப் பார்த்தார். ததேயுஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க கொண்டு வாற விதி ரத்தாகியதுக்கு."

டாக்டரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ரத்தானா?"

"வெட்டணும்."

"ஆகலண்ணா?"

"அது இருக்கும். கடை இருக்காது."

டாக்டர் குனிந்து சேவலின் கால்களையும் இறகையும் பார்த்தார். "நல்லா வளத்திருக்கிய. கோழிக்கு ஒண்ணும் தெரியாதுண்ணு மனுவில எழுதினது யாரு?"

"நான்தான்."

"அது உள்ளதா, பொய்யா?"

வாசலில் கூடியிருந்த சங்கம் முழுக்க ஜெயசிங்கின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கூண்டையும் தராசையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உள்ளதுதான், மேடம். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் குரலைக் கேட்டுச் சேவல் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. டாக்டரும் அதைப் பார்த்தார். அப்புறம் காரில் ஏறிப் போய்விட்டார். ஜெயசிங் அன்று தன் சோற்றில் பாதியைச் சேவலுக்கு வைத்தார்.

மழைக்காலம் முடிந்தபோது செய்தி வந்தது. வரைவு மறுபரிசீலனைக்காக ஒத்திவைக்கப்படுகிறது, மறு அறிவிப்பு வரும்வரை பழைய நிலையே தொடரும். ததேயுஸ் குளச்சலில் பட்டாசு வெடித்துவிட்டு ஒரு வேன் நிறைய ஆட்களோடு புதுக்கடையில் வந்து இறங்கினார். கையில் சேவலுக்கு மாலை.

"செயலாளரே, ஜெயிச்சாச்சு! வெள்ளிக்கிழம அம்மனுக்க நேர்ச்சைய முடிச்சிருவோம்."

ஜெயசிங் அவருடைய கைபேசியை வாங்கி அறிவிப்பை நிதானமாக வாசித்தார். அரசாங்க அறிவிப்பு ஒன்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு இனித்தது.

"அண்ணே, இதுல ரத்துண்ணு எங்க கெடக்கு? ஒத்திவைப்புண்ணுதானே போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் மக்கா."

"நமக்கு ஒண்ணு. அம்மன்கிட்ட நான் ரத்துண்ணுதான் சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டுட்டுதானே நிண்ணிய? ஒத்திவைப்புக்கு இத வெட்டினா, நாளைக்கு ரத்தாகும்போ அவ வேற கேப்பா."

ததேயுஸ் மாதா கோயில்காரர். இசக்கியின் சட்டத்தில் அவரால் வாதாட முடியவில்லை. "அப்ப முழுசா ரத்து செய்யச் சொல்லி இன்னொரு மனு எழுது. சீக்கிரம் எழுது" என்றார்.

"எழுதுதேன்."

சுனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். வார்த்தை இன்னும் சரியாக அமையவில்லை என்று ஜெயசிங் சொல்கிறார். டெல்லி அந்த வரைவை ரத்து செய்யவும் கூடாது, நிறைவேற்றவும் கூடாது, அப்படியே கிடக்க வேண்டும் என்று தினமும் இசக்கியம்மனிடம் வேண்டிக்கொள்கிறார். இந்த முறை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

கடையில் வியாபாரம் பழையபடி நடக்கிறது. கூண்டுக்கும் வெட்டுக்கட்டைக்கும் நடுவே மட்டும் ஒரு சாக்குப்படுதா தொங்குகிறது. கேட்டால் வெயிலுக்கு என்கிறார். அந்தப் பக்கம் வெயில் அடிப்பதேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததும் வந்த ஒருவர் வாசலில் உலாத்திய சேவலைப் பார்த்துவிட்டார்.

"ஏ, நல்ல நாட்டுச் சேவலுல்லா! எனக்கு இது மதி, வேற வேண்டாம். தூக்கித் தராசுல வையும்."

ஜெயசிங் தூக்கினார். இரண்டு கையாலும் நெஞ்சோடு ஏந்திக்கொண்டு முற்றத்துப் பக்கம் நடந்தார்.

"இது விக்கியதுக்கு இல்ல" என்றார். "இதுக்க கேஸு டெல்லில கெடக்கு."