சுத்தியல் அடகு

விடிவதற்குள் ஜல்லி மேட்டில் சத்தம் கிளம்பிவிட்டது. இரும்பு விழ விழக் கருங்கல்லில் பொறி பறந்தது. தூள் ஏறி எச்சில்கூடச் சாம்பல் நிறமாயிற்று. மயிலம்மாள் மட்டும் வெறுங்கையோடு நின்றாள். பர்மாவிலிருந்து கப்பலேறித் திருச்சிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இங்கே தனிச் சட்டம். வாங்கிய கடனுக்கு வட்டி தவறினால், கடன் கொடுத்த மேஸ்திரி ரங்கசாமி சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வான். சுத்தியல் இல்லாதவள் எதைக்கொண்டு கல் உடைப்பாள், எதைக்கொண்டு வட்டி கட்டுவாள்? அந்தப் புண்ணியவானுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

அவள் புருஷன் வீரமலை, மேஸ்திரியின் கொட்டகை வாசலில் கிடந்த அவள் சுத்தியலை எடுத்தான்.

"வேலை செஞ்சாத்தானேங்க கடன் அடையும்?"

மேஸ்திரி அவனை உதைத்துத் தள்ளினான். பாறையில் ஊன்றிய கைமீது அதே சுத்தியலை இறக்கினான். வீரமலை போட்ட அலறலில் மேடு முழுவதும் வேலை நின்றது. மயிலம்மாள் ஓடிப்போய் நொறுங்கிய விரல்களை முந்தானையில் சுற்றினாள். சேலை நனைந்து ரத்தம் ஜல்லியில் சொட்டியது.

"சங்கத்துல கடன் வாங்கி என்னைக் கழிச்சுக்கட்டப் போறியாமே? எவன்டி உனக்கு ஜாமீன் போடுவான்?" என்றான் மேஸ்திரி.

அதுதான் அவளைச் சுட்டது. கல்லுடைப்பவர்களே நடத்தும் சிக்கன நாணயச் சங்கத்தில் வட்டி குறைவு. ஆனால் உள்ளூர் ஆள் ஜாமீன் வேண்டும். போன வாரம் கூடக் கல்லுடைக்கும் உள்ளூர்க்காரி இருசம்மாளிடம் கேட்டதற்கு, "அரைக் கூலிக்கு உடைச்சு எங்க வயித்துல அடிச்சவளுக்கா?" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். பொய்யில்லை. கடனுக்குப் பயந்து அந்தக் கூலிக்கு இவள்தான் முதலில் தலையாட்டினாள்.

இப்போது அதே இருசம்மாள் எழுந்து வந்தாள்.

"நான் போடுறேன்."

"அகதிக்கா? நாளைக்கே ஓடிப்போயிடுவா."

"ஓடினா நாங்க கட்டிக்கிறோம். நீங்க சுத்தியலைக் கீழ வைங்க."

"நானும் போடுறேன்" என்று முன்னால் வந்தான் கல்லுடைக்கும் பெரியண்ணன். மேஸ்திரியின் அடியாள் ஒருவன் வீசிய கம்பு அவன் நெற்றியைப் பிளந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சுத்தியலோடு எழுந்தார்கள். மேஸ்திரி நாலடி பின்வாங்கினான்.

வீரமலையைக் கல்வண்டியில் கிடத்தினார்கள்.

"இனிமே குறைஞ்ச கூலிக்கு ஒத்துக்குவியாடி?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"சத்தியமா மாட்டேன்க்கா."

சங்கக் கமிட்டி கடனுக்கு ஒப்புமோ ஒப்பாதோ, யாருக்கும் தெரியாது. பாதையை மறித்து மேஸ்திரியின் ஆட்கள் கம்போடு நின்றார்கள். இருசம்மாள் தன் சுத்தியலை மயிலம்மாள் கையில் கொடுத்தாள்.

"புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் சங்கம் இருக்கு. நட."

மயிலம்மாள் வண்டிக்கு முன்னால் நடந்தாள்.