டோரின் காட்டிய மெரூன்

புருல்கான் ஏஜே, எங்கள் மொழியில் அக்கா, வந்த வேகத்திலேயே போனையும் ஒரு பள்ளிக் கோட்டையும் என் போன் கடை மேஜைமேல் அருகருகே வைத்தார். கையில்லாத கோட்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கானது.

"ரெண்டும் என்ன நிறம்னு சொல்லு."

"கோட்டு கத்தரிப்பூ நிறம்."

"போன்ல இருக்கற படம்?"

"அதுவும் கத்தரிப்பூதான், ஏஜே. நல்லாப் பொருந்துது."

"பொருந்துதுல்ல? அதான் நானும் பொருந்துதுன்னு நூத்தி எண்பது கோட்டு வெட்டினேன். படத்துல இருக்கறது மெரூனாம், மெடெர் தம்பி. ரவ்ஷான் சொல்றா. முதல்ல அனுப்பின இருபது கோட்டையும் அதே வண்டியில திருப்பி அனுப்பிட்டா."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

பிஷ்கெக்கில் துணிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், அடுக்குமாடி வீடுகளின் நிலவறையெல்லாம் தையல் கூடங்கள்தான். புருல்கான் ஏஜேயின் கூடத்தில் எட்டு மெஷின்கள். எல்லை தாண்டி தராஸில் இருக்கும் ரவ்ஷான்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளர். அங்கே ஒரு பள்ளிக்கு நானூற்று இருபது கோட்டுகள் கேட்டிருந்தார். செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறப்பு. அன்று ஆகஸ்ட் ஆறு.

எங்கள் தெருவில் நிறத்தை எப்படி முடிவு செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருடைய கோபம் புரியாது. வேறு ஊர்களில் துணியின் மாதிரித் துண்டை அனுப்புவார்களாம். நாங்கள் அனுப்புவதில்லை. சந்தையில் துணி விற்பவர், தைப்பவர், வாங்குபவர், மூவரிடமும் டோரின் போன் இருக்கும். வாங்குபவர் படம் அனுப்புவார். தைப்பவர் சந்தைக்குப் போய், துணியின் ஓரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பேரம் முடிந்தது. வேறு போனில் படம் காட்டினால் துணிக்காரர் ரோலைக் கீழே இறக்கவே மாட்டார். "டோரின்ல பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். டோரின் விலை அதிகம்தான். ஆனால் எந்த டோரினில் பார்த்தாலும் சிவப்பு அதே சிவப்பு. பதினோரு வருடமாக இந்தத் தெருவுக்கு அதை விற்றவனும் பழுது பார்த்தவனும் நான்தான். வாங்கத் தயங்கியவர்களையும் நானே வாங்க வைத்தேன்.

"மார்ச்சுல திரை மாத்தினியே," என்றார் ஏஜே. "கத்திரிக்கோல் விழுந்து உடைஞ்சப்ப. என்ன திரை போட்ட? சீனாக்காரன் திரையா?"

"டோரின் திரைதான் ஏஜே. அச்சு அசல். தண்ணியில விழுந்து செத்த ஒரு போன்லேருந்து எடுத்தது."

"அப்ப ஏன் பொய் சொல்லுது?"

நல்ல கேள்வி. போனைக் கையில் எடுத்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தேன். எனக்கு அது ஒரு பழக்கம். ஒரே தந்தூரில் ஒட்டிச் சுட்டாலும் எல்லா ரொட்டியும் ஒரே மாதிரி சிவப்பதில்லை. திரையும் அப்படித்தான். ஒன்றில் நீலம் தூக்கலாக இருக்கும், ஒன்றில் மஞ்சள். அதனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு திரையையும் தனித்தனியாக அளந்து, எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கணக்கை அந்தத் திரையில் ஒட்டியிருக்கும் அரிசி அளவு சில்லில் எழுதிவிடுவார்கள். போன் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். எல்லா டோரினிலும் ஒரே சிவப்பு தெரிவதன் ரகசியம் இவ்வளவுதான். அழகான வேலை. அந்தச் சில்லில் இன்னொன்றும் இருக்கிறது, தான் எந்த போனில் பிறந்தோம் என்கிற எண். வேறு போனில் பொருத்தினால் எண் ஒத்துவராது. அதற்காகப் பழைய திரையின் எண்ணை மட்டும் புதிய திரையில் எழுத என்னிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. மார்ச்சில் அதைச் செய்துதான் கொடுத்தேன். அன்றைக்கு என் போனையும் இதையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அப்ப நல்லா இருந்துச்சுன்னா இப்ப என்ன கேடு?"

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். 'இயல்பு நிறம்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அணைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வரியையே காணோம்.

"ஏஜே, அப்டேட் எதாவது போட்டீங்களா?"

"நான் ஒண்ணும் தொடலையே. ராத்திரி சார்ஜ் போட்டுத் தூங்குவேன். காலையில 'உங்கள் போன் இப்போது இன்னும் பாதுகாப்பானது'ன்னு வந்துச்சு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

ஜூலை பன்னிரண்டாம் தேதி அப்டேட் தானாகவே ஏறியிருக்கிறது. நான்கு நாள் கழித்து அவர் துணி எடுத்திருக்கிறார். அந்த அப்டேட்டுக்குப் பிறகு போன் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, இந்தத் திரை இந்த போனுக்குப் பதிவானதுதானா என்று கம்பெனியின் கணினியிடமும் கேட்டுச் சரிபார்க்கிறது. பிடிக்கவில்லை என்றால் திரையின் கணக்கைப் படிக்காமல் விட்டுவிடுகிறது. இந்தத் திரை நீலம் தூக்கலானது. மெரூனில் நீலம் ஏறினால் கத்தரிப்பூ. கண் அரை நாளில் அதற்குப் பழகிவிடும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பதுபோல. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தேன். ஏஜே பொறுமையாகக் கேட்டார்.

"சரி. ஒரு எச்சரிக்கை போட்டானா? 'அம்மா, இனிமே நான் காட்டற நிறத்த நம்பாதீங்க'ன்னு?"

"போடல."

"நான் உக்காந்து நூத்தி எண்பது வெட்டற வரைக்கும் வேடிக்கை பாத்திருக்கான்."

அப்போது ரவ்ஷானிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஏஜே சத்தமாகவே ஓடவிட்டார். "அக்கா, எனக்கு உங்கமேல கோபம் இல்ல. ஆனா ஸ்கூல் டைரக்டர் என் தலைமேல நிக்கறாரு. புதன்கிழமைக்குள்ள சரியான துணி கிடைச்சிருச்சுன்னு எனக்கு உறுதியாத் தெரியணும். இல்லன்னா ஷிம்கென்ட்ல ஒருத்தங்க தைக்கறேன்னு காத்துட்டிருக்காங்க. மொத்தமும் அங்க போயிடும்."

அன்று திங்கள்கிழமை.

"கிளம்பு," என்றார் ஏஜே. "அவங்க கடைக்குப் போவோம். நீயும் வா. எனக்கு இந்தச் சில்லு கில்லெல்லாம் பேசத் தெரியாது."

டோரின் சேவை மையம் குளிரூட்டப்பட்ட பெரிய கண்ணாடிக் கூடம். வெளியே முப்பத்தெட்டு டிகிரி. வழியில் தெருமூலைப் பீப்பாயில் வாங்கிய மக்சிம் என்ற புளித்த தானியப் பானத்தை ஏஜே குடித்து முடிக்காமல் கோப்பையோடு உள்ளே எடுத்து வந்தார். வாசலில் காவலாளி அதை வாங்கிக் குப்பையில் போட்டார். அதுவே நல்ல தொடக்கமாக இல்லை.

டோக்கன் எடுத்து ஐம்பது நிமிடம் உட்கார்ந்தோம். பிறகு அலிமான் என்று பெயர் அட்டை மாட்டிய ஒரு பெண் எங்களைக் கூப்பிட்டாள். போனை ஒரு கம்பியில் இணைத்தாள். பச்சை நிறத்தில் பதினான்கு டிக் வந்தது.

"போன் நல்லா இருக்கு," என்றாள்.

"நிறம் தப்பாக் காட்டுதும்மா."

"தரத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கு, ஏஜே. திரை மட்டும் வெளியில வாங்கின பாகம்."

"வெளிப் பாகம் இல்லை," என்றேன். "உங்க கம்பெனி திரை. பின்னாடி உங்க முத்திரை இருக்கு. வேணும்னா கழட்டிக் காட்டறேன்."

"எங்க திரைதான். ஆனா இந்த போனோட திரை இல்ல."

"ஒரே அம்மா பெத்ததுதானே?" என்றார் ஏஜே. "பெரியப்பா வீட்டுல வளர்ந்தா பிள்ளை இல்லன்னு ஆயிடுமா?"

அலிமான் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சிஸ்டம் ஏத்துக்காது, ஏஜே."

"நீங்க அத உங்க கணினியில பதிவு செஞ்சா ஏத்துக்கும்," என்றேன். "ரெண்டு நிமிஷ வேலை. கருவி உங்ககிட்ட இருக்கு, அதோ அந்த மேஜையில."

"இருக்கு பைகே," என்றாள், அண்ணன் முறை வைத்து. "எங்க மூலமா வாங்கின திரைக்கு மட்டும்தான் அது திறக்கும்."

"சரி, உங்க மூலமாவே வாங்கறோம். ஒரு திரை கொடுங்க."

"இந்த மாடலுக்கு ஆர்டர் போடணும். நாப்பத்தஞ்சு வேலை நாள் ஆகும்."

"அதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டாம் பருவப் பரீட்சைக்குப் போயிடுவாங்க," என்றார் ஏஜே. "பழைய அப்டேட்டுக்காவது திருப்பிப் போட்டுக் கொடு."

"பாதுகாப்புக் காரணத்தால அது முடியாது."

"யாரோட பாதுகாப்பு?"

பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள். அவள் கணினியில் கிளிக் செய்ய அனுமதிக்கப்பட்ட பொத்தான்கள் இரண்டே இரண்டுதான் என்பதை நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஒன்றைக் கிளிக் செய்தாள். "பழைய போனைக் கொடுத்துட்டுப் புது டோரின் வாங்கினா உங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி வருது, ஏஜே. பதினோரு வருஷ வாடிக்கையாளர்னு காட்டுது."

"வாங்கினா அந்த நூத்தி எண்பது கோட்டும் மெரூனாயிடுமா?"

வெளியேறும் இடத்தில் ஒரு கருத்துப் பலகை, சிரிப்பிலிருந்து கோபம் வரை ஐந்து முகங்கள். ஏஜே மிகவும் கோபமான முகத்தை அழுத்தினார். 'நன்றி. எங்களை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவனத்தான் நீ எனக்குப் பரிந்துரைச்ச."

ஆனால் எனக்கு ஒரு யோசனை இருந்தது. பேருந்து நிறுத்தத்திலேயே என் போனை எடுத்து நீட்டினேன். அதுவும் டோரின், அதே மாடல், ஒருமுறைகூடத் திறக்கப்படாதது.

"ரவ்ஷான் படத்த இதுக்கு அனுப்புங்க. இது சரியாக் காட்டும். இப்பவே சந்தைக்குப் போய்ப் பொருத்திப் பாத்து, புதுத் துணியப் படம் எடுத்து ரவ்ஷானுக்கு அனுப்பிடலாம். வேலை முடிஞ்சுது."

அவர் படத்தை அனுப்பினார். என் திரையில் அது அருமையான மெரூனாக விரிந்தது. பழுத்த செர்ரியின் நிறம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏஜே வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரின்னு எப்படிச் சொல்ற?"

"தொழிற்சாலைத் திரை. கணக்கெல்லாம் அப்படியே இருக்கு."

"என்னோடதும் மார்ச்சுல அப்படியேதான் இருந்துச்சு. நீதான் பக்கத்துல வச்சுக் காட்டின."

"உங்களோடது பிரிச்ச போன், ஏஜே."

"பிரிக்காத போனுக்கு அடுத்த அப்டேட்ல ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"ஆனா சொல்லுவானா?"

எதையும் விளக்கிச் சொல்வேன், ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. "சொல்ல மாட்டான்," என்றேன்.

"ரவ்ஷான் போன்ல?"

"அதுலயும் அப்டேட் வந்திருக்கும். அவங்க போனை யாராவது பிரிச்சாங்களான்னு நமக்குத் தெரியாது."

"அப்ப நான் மெரூன அனுப்பி, அவ போன்ல அது செங்கல்லாத் தெரிஞ்சா? இல்ல, தப்பான துணியே அவ போன்ல மெரூனாத் தெரிஞ்சா? அதக் கண்டுபிடிக்கறதுக்குள்ள புதன்கிழமை ஆயிடும்." போனை என் கையில் திணித்தார். "போன்ல படம் தெரியலன்னா பழுதுன்னு உன்கிட்ட கொண்டு வருவேன். தப்பாத் தெரியறது எனக்கே தெரியலன்னா நான் எங்கப்பா போவேன்?"

நேராகச் சந்தைக்குப் போனார். மெரூன் என்று சொல்லத்தக்க ஒன்பது ரோல்களில் ஒரு கையளவு வெட்டித் தரச் சொன்னாராம். துணிக்காரர் முதலில் மறுத்தாராம், "டோரின்ல பாத்துட்டு வாங்க" என்று. ஏஜே என்ன திட்டினார் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஊசிகுத்தி எண் எழுதிய காகிதம். செவ்வாய்க்கிழமை காலை, தன் போனை என்னிடமே விட்டுவிட்டு, முதல் வண்டியில் தராஸ் கிளம்பிவிட்டார்.

நான் அன்று முழுக்கக் கடையில் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. அவருடைய போனைப் பிரித்து, சில்லை மறுபடி எழுதி, இரண்டு முறை, மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் போன் இணையத்துக்குள் போய், யாரிடமோ கேட்டுவிட்டு, 'இயல்பு நிறம்' என்ற வரியை அழித்துவிட்டு வந்தது. அதை எழுதியவன் கெட்டிக்காரன். இவ்வளவு மூளையை இதற்கா செலவழிப்பார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு வண்டி ஓட்டுநரின் போனிலிருந்து ஏஜே கூப்பிட்டார்.

"ஆறாம் நம்பர்," என்றார். "ஸ்கூல் முற்றத்துல, வெயில்ல, அவங்க போன வருஷக் கோட்டு மேல வச்சுப் பாத்தோம். டைரக்டர், ரவ்ஷான், வாட்ச்மேன் எல்லாரும் ஆறுதான்னாங்க."

"நானூத்தி இருபதும் நமக்கா?"

"இருநூத்தி நாப்பது. மீதிய நேத்தே ஷிம்கென்ட்டுக்குக் கொடுத்துட்டா. பயந்துட்டா பாவம், புதன் வரைக்கும் பொறுக்கல. திட்ட முடியல. நானா இருந்தாலும் கொடுத்திருப்பேன்."

ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி இருநூற்று நாற்பதும் வண்டியேறின. அதற்கு மறுவாரம் அவர் என் கடைக்கு வந்தார், சந்தையில் கிடைக்கும் மலிவான ஒரு போனோடு. பழையதிலிருந்து எண்களையும் படங்களையும் மாற்றித் தரச் சொன்னார்.

"ஏஜே, இந்தத் திரை ரொம்ப மட்டம்," என்றேன். பொறுக்க முடியவில்லை. "சிவப்பெல்லாம் ஆரஞ்சாத் தெரியும். நீங்க பாக்கணும்னா ஒரு—"

"தெரியும்ப்பா. கடைக்காரனே சொல்லித்தான் கொடுத்தான்." ஒரு பையிலிருந்து ஆறாம் நம்பர் துண்டை எடுத்து, ஊசியோடு, ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் குத்தினார். "நிறத்துக்கு இது. போன் பேசறதுக்கு மட்டும்."

அவருக்குப் பின்னால் வாசலில் பக்கத்துக் கூடத்துக்காரிகள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு டோரின், ஆளுக்கொரு மலிவு போன் பெட்டி. அவர்களில் ஒருத்தியின் போன் இதுவரை பிரிக்கப்படாதது, நான்தான் விற்றேன், எனக்குத் தெரியும்.

"உங்களோடதுல ஒரு குறையும் இல்லையே," என்றேன் அவளிடம்.

"இன்னைக்கு இல்ல," என்றாள் அவள். "மாத்திக் கொடு."