நாற்காலிக்கு ஒரு அட்டை

ஐந்தரைக்கு எழுந்தான். வாளி நிரம்பும்வரை பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலர், கை, முதுகு, கடைசியாகப் பொத்தான் பக்கம். மாத்திரை டப்பாவில் வெள்ளிக்கிழமை அறையைத் திறந்து, ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அத்தை, மனைவியின் அம்மா. மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையோடு வந்தவள். மகள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பை இன்னும் அலமாரிமேல் இருக்கிறது. திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை, போகச் சொல்ல இவனுக்கு வாயில்லை.

தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு அத்தை கேட்பாள்.

"கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா மாப்ள?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

சில நாள் அதோடு விடுவாள். சில நாள், "ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல ஓடி வந்திருப்பேன்ல. நானே கேட்டிருப்பேன்ல" என்பாள். அவன் பால் பாத்திரத்தைக் கழுவுவான்.

அன்று அத்தை கேட்கவில்லை. மாத்திரையை விழுங்கினாள், தம்ளரை நங்கென்று வைத்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு நாளாவது விட்டாளே என்று அவன் கிளம்பிவிட்டான்.

வேலை ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில். மூன்று மாதப் பயிற்சி. முப்பது வயதில் என்ன பயிற்சி என்று கேட்டால், பழைய வேலையை மனைவிக்காக விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. நேர்காணலில் நிறுவனத்தை நடத்தும் மேடம், "இந்த ரெண்டு வருஷம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். "டயாலிசிஸ் வார்டுல" என்றான். மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். வேலை அந்த நிமிடமே கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

நிறுவனம் அப்போது ஒரு நன்கொடை நிகழ்ச்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவமனைக்கு ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள். ஒரு பெயின்ட் கம்பெனி முன்னின்று நடத்துகிறது. வார்டு வாசனை தெரிந்தவன் ஒருவன் கூட இருந்தால் நல்லதுதானே என்று அவன் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான்.

அவனுக்குக் கைவந்தது 'கோட்'. செய்திக்குறிப்பில் பெரிய மனிதர் சொன்னதாக வருமே இரண்டு வரி, அது. பெரிய மனிதர் சொல்வதில்லை. பயிற்சியாளன் எழுதுவான், உதவியாளர் "ஓகே" என்று அனுப்புவார். பெயின்ட் கம்பெனி சேர்மனுக்கு, "கொடுப்பது எங்கள் கடமையல்ல, எங்கள் மூச்சு" என்று எழுதினான். நாலு நிமிடத்தில் ஓகே வந்தது. வார்டில் ஒரு லாரி ஓட்டுநரைக் கேட்டபோது, "ஊசி போட்ட எடம் எரியுது சார், வேற என்னத்தச் சொல்ல" என்றார். அதை "மறுபிறவி எடுத்ததாக உணர்கிறேன்" என்று திருத்தினான். லாரிக்காரர் படித்துவிட்டு, "நானா இப்படிப் பேசினேன்? பரவால்லயே!" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு இது தண்ணி பட்ட பாடு" என்றாள் மேடம். அவளுக்கு ஒரே ஒரு விதி. "யாருக்கு வேணா எழுது, என்ன வேணா எழுது. யாராவது ஒருத்தர் ஓகே சொல்லியிருக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமைதான் நிகழ்ச்சி. மண்டபத்தில் நானூறு நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு அட்டை வைக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த பெட்டிகளை, அவனோடு பயிற்சி எடுக்கும் அம்மாள் ஏற்கெனவே பிரித்துவிட்டாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி வேலைக்கு வந்தவள். வாய் ஓயாததால் அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எட்டு வரிசைக்கு வைத்து முடித்திருந்தாள்.

"தம்பி, இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று ஓர் அட்டையை நீட்டினாள். "புல்லரிச்சுப் போச்சு."

அட்டை முழுக்க மனைவியின் முகம். 'மண்டபத்து நன்றிச் சுவரில் முப்பது நோயாளிகளோடு ஒரு போட்டோ' என்று சொல்லி மேடம் கேட்டு வாங்கிய படம். முப்பது பேரைக் காணோம். முகத்துக்குக் கீழே மேற்கோள் குறிக்குள்:

"நான் போனாலும் பரவாயில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் வாழட்டும்."

அதற்கும் கீழே சிறிய எழுத்தில்: அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள்.

மறுபடி படித்தான். நல்ல கோட். அளவு சரி. அவனே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இதை அவ சொல்லல."

"என்னது?"

"அவ இப்படிப் பேசவே மாட்டா. வாழட்டுமாம். எவ பேசுவா இப்படி?"

மேடம் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அட்டையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இதை யார் எழுதினது?"

"மெதுவா. மைக் ஆன்ல இருக்கு."

"யாரு மேடம்?"

மேடம் மைக்கை அணைத்தாள். "நான்தான். உன் ஸ்டைல்லயே எழுதியிருக்கேன்."

"செத்தவ வாயில உங்க வசனத்தத் திணிக்கறீங்க."

"மூச்சுன்னு சேர்மன் சொன்னாரா? மறுபிறவின்னு லாரிக்காரர் சொன்னாரா? அப்பல்லாம் இனிச்சுது, உன் பொண்டாட்டின்னதும் குத்துதா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. லாரிக்காரரின் கை அவன் கண்முன் வந்து போனது. ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த கை. மேடம்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவன்மேலேயே திரும்பியது. மீதியே போதுமானதாக இருந்தது.

"அவங்க ஓகே சொன்னாங்க. இவளுக்கு யார் சொன்னா?"

"உங்க அத்தை." மேடம் புருவம்கூட அசையவில்லை. "நேத்து சாயங்காலம் போன் பண்ணேன். மாப்பிள்ளை எழுதிக் குடுத்தார்னு படிச்சுக் காட்டினேன். அழுதாங்க, போட்டுக்கோங்கன்னாங்க. அப்புறம்தான் அச்சுக்கே அனுப்பினேன். விதின்னா விதி. அவங்களுக்குக் கார் போயிருக்கு. முதல் வரிசை, மூணாவது நாற்காலி."

காலையில் நங்கென்று வைத்த தம்ளர் இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

இறங்கிப்போய் எட்டாவது வரிசையிலிருந்து அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கிப் பெட்டியில் எறிந்தான். ஒவ்வொரு நாற்காலியிலும் மனைவி படுத்துக்கொண்டு சிரித்தாள்.

"பைத்தியமா உனக்கு? இதோட நீ வேலைக்கு வர வேணாம்!" மேடம் மேடையிலிருந்து கத்தினாள்.

"வரல. அட்டையோட போறேன்."

ரேடியோ ஒரு நிமிடம் மேடையைப் பார்த்தாள், ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். "ரெண்டு பிள்ளைக்குப் பீஸ் கட்டணும், எனக்கு ஏன் இந்தப் பொழப்பு" என்று முனகிக்கொண்டே மறுபக்கத்திலிருந்து அவளும் பொறுக்க ஆரம்பித்தாள்.

முதல் வரிசைக்கு வந்தபோது மூன்றாவது நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அட்டை அவள் கையில் இருந்தது.

"அதக் குடுங்க அத்தை."

"தொடாதீங்க."

"குடுங்க."

"பத்து மாசமா வாய் வலிக்கக் கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்னீங்க. ஆபீசுக்குச் சொல்லத் தெரியுது, ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கத் தெரியுது. பெத்தவளுக்கு மட்டும் வாய்ப்பூட்டா?"

"நான் யாருக்கும் சொல்லல. அது பொய். அந்தம்மா எழுதினது."

அத்தை மேடையைப் பார்த்தாள். மேடம் காகிதங்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். அத்தை அட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"பொய்னா இருந்துட்டுப் போகட்டும். எங்கிட்ட இதாவது இருக்கே. உங்ககிட்ட என்ன இருக்கு?"

அவனிடம் இருந்தது. பத்து மாதமாக அதை விழுங்கிக்கொண்டிருந்தான். வெளியே விட்டால் அது இவளைத்தான் வெட்டும் என்று, போன் போடாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பால் பாத்திரம் கழுவினான். இன்னும் ஒரு மணி நேரத்தில் மேடம் அந்த இரண்டு வரியை மைக்கில் படிப்பாள். நானூறு பேர் கைதட்டுவார்கள். கைதட்டி முடித்த பிறகு அதுதான் மனைவி கடைசியாகச் சொன்னது என்று ஆகிவிடும். இவனுக்கே நாளடைவில் அப்படித்தான் ஞாபகம் வரும்.

அத்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"மத்தியானம் ரெண்டரை இருக்கும். நாலு நாள் கண்ணு மூடாம இருந்துட்டு அன்னிக்குத்தான் நீங்க வீட்டுக்குப் போனீங்க."

"அது எனக்குத் தெரியும்."

"அவளுக்கு மூச்சு வாங்குச்சு. நான் போனை எடுத்தேன் அத்தை. உங்க நம்பரைப் போட்டேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா."

அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. அட்டை மடியில் விழுந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னான்.

"'அம்மா இப்பதான் படுத்திருப்பாங்க, எழுப்பாதே. அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வை.'"