ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல்

ஜப்பானின் கோச்சி நகரத்தில் ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில், சயோகோவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கைபேசி விளையாட்டை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'மழைமீன்'. வெயில் நாளில் அதில் ஒன்றும் நடக்காது. வெளியே நிஜமாகவே மழை பெய்ய வேண்டும். வானிலை நிலையம் சொல்லும் மழை அளவை விளையாட்டு வாங்கிக்கொள்ளும். தூறல் போட்டால் பொடி மீன்கள், நல்ல மழை என்றால் பெரிய மீன்கள், ஆள் நிற்கிற தெருவிலேயே போன் திரையில் நீந்தும். குடையோடு நடந்துபோய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

யோசனை சயோகோவுடையது. மழை வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்குகிற ஊரை வெளியே இழுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது பலித்தது. முதல் வருட ஜூன் மழையிலேயே, டிராம் நிறுத்தத்தில் நின்ற அலுவலகக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டு மீன் பிடித்தார்கள்.

வெள்ளை விலாங்கு மீனும் அவள் வைத்ததுதான். மணிக்கு ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் கொட்டினால், ஆற்றோரத்தில் மட்டும் அது வரும். யாருக்கும் லேசில் கிடைக்கக் கூடாது என்று அந்த எண்ணைப் போட்டாள். ஆபத்தான மழையில் வெளியே போகாதீர்கள் என்ற எச்சரிக்கையும் திரையில் வரும். தள்ளிவிட ஒரு விரல் போதும்.

இரண்டு வருடம் கழித்து, செப்டம்பரில் புயல் வந்தது. காலையிலேயே டிராம்களை நிறுத்திவிட்டார்கள். கடைகள் இரும்புக் கதவுகளை இறக்கின. நிறுவனத்தின் தலைவர் முரோய், நிரல் எழுதும் இனுயி, சயோகோ மூவரும் அலுவலகத்தில் இருந்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஊரின் வரைபடம். விளையாடுகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு நீலப் புள்ளி.

"முரோய் சான், விலாங்கை இன்னைக்கு எடுத்துடலாம்" என்றாள் சயோகோ.

"எதுக்கு? ரெண்டு வருஷமா ஜனங்க அதுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. எச்சரிக்கைதான் போடுறோமே. நம்ம ஊர்க்காரங்களுக்குப் புயல் என்ன புதுசா? எவனும் வெளிய வரமாட்டான்."

"எங்கப்பா புயல் வந்தா கூரை மேல ஏறி வேடிக்கை பார்ப்பார்" என்றான் இனுயி. "நம்ம ஊர்க்காரங்களைப் பத்தி ரொம்ப நம்பிக்கையா இருக்காதீங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் கண்ணாடிகள் அதிரத் தொடங்கின. மழை அளவு நாற்பதைத் தாண்டியது. அப்போதுதான் வரைபடத்தில் புள்ளிகள் நகர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. எல்லாம் வீடுகளிலிருந்து கிளம்பி ஒரே திசையில் போயின. ஊருக்குக் கிழக்கே ஓடும் ஆற்றின் கரைக்கு.

முரோய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நிறுத்து. உடனே நிறுத்து."

இனுயியின் கை விசைப்பலகைக்குப் போனது. சயோகோ அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாத. நிறுத்தினா ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க. சரியாகட்டும்னு அங்கேயே நின்னு காத்துட்டிருப்பாங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"விலாங்கை இடம் மாத்து. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. அங்கதான் ஜனங்களைத் தங்க வெச்சிருக்காங்க. மழை அளவையும் மாத்திக் காட்டு. ஆத்துல மழையே இல்ல, மேட்டுலதான் கொட்டுதுன்னு போடு."

நிஜ வானிலையைப் பொய்யாகக் காட்டுவதில்லை என்பது அவர்களுடைய முதல் விதி. இனுயி எண்களை மாற்றினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரையிலிருந்து ஒரு புள்ளி விலகியது. அதன் பின்னால் நாலைந்து. பிறகு மொத்தமும் பாலத்தைத் தாண்டி மேட்டுச் சாலையில் ஏறின. முரோய் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டார்.

ஆற்றங்கரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றது. மதகுக்குப் பக்கத்தில்.

"இது யாரு?" என்றார் முரோய்.

இனுயி தட்டிப் பார்த்தான். "கத்திரிக்காய்னு பேர் வெச்சிருக்காங்க. வேற விவரம் எதுவும் இல்ல. நாமதான் பேர், நம்பர் எதுவும் கேக்கறதில்லையே."

"போனைத் தொலைச்சிருப்பாங்களோ?"

"இருக்கலாம்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சயோகோவும் நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. மழைமீனில் ஒருவரோடொருவர் பேச வழியில்லை. முன்பின் தெரியாதவர்கள் திட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளேதான் அதை வைக்காமல் விட்டாள். குடை, தவளை, மீன் என்று மூன்று படங்களை மட்டும் அனுப்பலாம். ஆனால் அலுவலகத்திலிருந்து ஒருவருக்கு மட்டும் அறிவிப்பு போட முடியும். அவள் உட்கார்ந்து எழுதினாள்:

'கத்திரிக்காய், நாங்கள் மழைமீன் அலுவலகம். நலமாக இருந்தால் தவளையை அனுப்புங்கள். ஆபத்தில் இருந்தால் குடையை அனுப்புங்கள்.'

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே ஏதோ தகரம் தெருவில் உருண்டு போகும் சத்தம் கேட்டது.

ஒரு குடை வந்தது.

பிறகு இன்னொரு குடை. அதன் பிறகு குடைமேல் குடையாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. யாரோ அந்தப் படத்தை விரலால் குத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று சயோகோவுக்குப் புரிந்தது.

இனுயி தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

"கிழக்கு மதகுகிட்ட ஆள் மாட்டிக்கிட்டிருக்காங்க."

"பேர் என்னங்க?"

"தெரியாது."

"அவங்க போன் நம்பர்?"

"அதுவும் தெரியாது. ஒரு விளையாட்டுல குடைப் படம் அனுப்பறாங்க. அதை வெச்சுத்தான் சொல்றேன்."

"அம்மா, ஊரே மூழ்கிட்டிருக்கு. இது என்ன விளையாட்டா?"

"ஆமாங்க, விளையாட்டுதான். ஆனா ஆள் நிஜம். எங்க நிக்கிறாங்கன்னு மீட்டர் கணக்கா சொல்ல முடியும். எழுதிக்கோங்க, தயவுசெஞ்சு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "சொல்லுங்க. எத்தனை பேர்?"

சயோகோ எழுதினாள்: 'எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை மீன்.'

இரண்டு மீன்கள் வந்தன.

'தண்ணீர் ஏறுகிறதா?'

குடை.

'ஆட்கள் வருகிறார்கள். உயரமான இடத்தில் இருங்கள். போனை அணைத்துவிடாதீர்கள்.' ஆட்கள் கிளம்பினார்களா என்று அவளுக்குத் தெரியாது. இருந்தும் எழுதினாள். பதிலுக்கு ஒரு தவளை வந்தது. நன்றி என்கிறார்களா, விரல் வழுக்கி வேறு படத்தில் பட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு புள்ளி சாம்பல் நிறமாகி அணைந்தது.

முரோய் கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சயோகோவும் பின்னால் ஓடினாள். கீழே கதவைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு உள்ளே பாய்ந்தது. காரின் சக்கரங்கள் தெரியவில்லை. எதிரே ஒரு சைக்கிள் மிதந்து போனது. முரோய் அந்தத் தண்ணீரிலேயே இறங்கப் போனார். சயோகோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்களும் போயிடாதீங்க" என்றாள். அவர் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மேலே போய்க் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை. சயோகோ அணைந்த புள்ளிக்கு அறிவிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தாள். எதுவும் போய்ச் சேரவில்லை. இரண்டு மீன்கள் என்றால் யார் யார்? அம்மாவும் குழந்தையுமா? அவள் மனம் முகங்களைக் கற்பனை செய்துகொண்டே இருந்தது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை.

மழை தணிந்த பிறகுதான் தீயணைப்பு நிலையத்திலிருந்து அழைத்தார்கள். மதகை இயக்கும் அறையின் கூரையிலிருந்து இரண்டு பெண்களை இறக்கியிருந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிவு. இன்னொருவர் தண்ணீர் குடித்து நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பார் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை.

அவர்கள் அக்கா, தங்கை. சாப்பாட்டுப் பொட்டலக் கடை நடத்துகிறவர்கள். அக்கா பெயர் ஹிசாயே, தங்கை தமியே. தமியே கண் திறந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் சயோகோவுக்கு மருத்துவமனைக்குப் போகத் துணிவு வந்தது. கட்டுப் போட்ட கையோடு ஹிசாயே தங்கையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சயோகோ இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நிமிரவே இல்லை.

"நிமிருங்கம்மா. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்றாள் ஹிசாயே. "என் நல்ல போன் தண்ணியில போயிடுச்சு. இவகிட்ட இருந்தது விளையாடுறதுக்குன்னு வாங்கின பழைய போன். அதுல இன்டர்நெட் மட்டும்தான், யாருக்கும் பேச முடியாது. திரையெல்லாம் ஈரம், ஒரு எழுத்து அடிக்க முடியல. உங்க குடைதான் பெரிசா இருந்துச்சு. நீங்க எழுதலைன்னா நாங்க இல்ல."

"எச்சரிக்கை வரலியா?"

"வந்துச்சு. நான்தான் தள்ளிவிட்டேன்." அவள் தங்கையின் போர்வையைச் சரி செய்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "ஆனா அந்த மீனை அங்க வெச்சது நீங்கதானே?"

"ஆமா."

"ஏன் அங்க வெச்சீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஹிசாயே எழுந்தாள். வெந்நீர் ஊற்றித் தேநீர் கொடுத்தாள், இடது கையால், தட்டுத் தடுமாறி.

முரோய் விளையாட்டை ஒரு மாதம் மூடச் சொன்னார். திரும்பத் திறந்தபோது பலத்த மழையில் மீன்கள் எல்லாம் தூங்கப் போயின. வீட்டுக்குள் இருப்பவர்கள் மட்டும் அவை தூங்குவதைப் பார்க்கலாம். வெளியே கால் வைத்தால் திரை வெறுமையாகிவிடும். விலாங்கை அழித்துவிட்டார்கள். பலர் கோபமாக எழுதினார்கள். சிலர் விளையாடுவதையே விட்டார்கள்.

சயோகோ வேலையை விடவில்லை. ஆனால் கனமழை எச்சரிக்கை வந்த ஒவ்வொரு நாளும் அவள் வரைபடத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆற்றங்கரையில் யாரும் இருக்கக் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். அக்டோபர் கடைசியில் ஒருநாள், கொட்டுகிற மழையில், ஒரு புள்ளி பாலத்தின் நடுவில் போய் நின்றது. அவள் எழுந்து நின்றாள். இனுயி அவள் பக்கத்தில் வந்து நின்றான். புள்ளி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாகப் பாலத்தைக் கடந்து, குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்து, ஒரு வீட்டில் போய் நின்றது.