ஸ்டேப்ளர் போட்ட பக்கங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பழைய கணிதப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் ஆள்காட்டி விரலில் ஒரு ஸ்டேப்ளர் பின் குத்தியது. கதை அங்கேதான் தொடங்கியது. விரல் இரண்டு நாளில் ஆறிவிட்டது. கதை நான்கு மாதமாக இழுக்கிறது.

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

"கிந்தா பள்ளத்தாக்கின் மேல் மழை கறுத்து நின்ற அந்த மாலையில்

(வேண்டாம். ஈப்போவில் மதியம் தாண்டினால் மழைதான். அதற்கும் கணிதத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.)

"நல்ல கணிதப் புத்தகம் என்பது மாணவனை எந்த அளவுக்குச் சிரமப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு

(இது கட்டுரை. ஆசிரியர் சங்க மலருக்குக் கேட்டால் தரலாம்.)

"புஷ்பலதா டீச்சர் நல்லவர்."

மூன்றாவதை அடிக்கவில்லை. கதை முடியும்போதும் இந்த வரி நிற்க வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான்.

2

ஈப்போவிலிருந்து ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில், முன்பு ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே வரிசை வீடுகள். தோட்டத்திலிருந்து மிஞ்சியது ஆயாக்கொட்டகை மட்டும். பாலெடுக்க ரப்பர் மரம் சீவப் போனவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். சனிக்கிழமைகளில் அங்கே, ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகும் மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. தமிழுக்கு நான். கூடுதல் கணிதத்துக்கு, அதாவது பிள்ளைகள் 'எட் மேத்ஸ்' என்று சொல்லிப் பயப்படும் பாடத்துக்கு, புஷ்பலதா டீச்சர்.

டீச்சர் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, கணிதம் கற்பிப்பவர். கூடுதல் கணிதத்தைத் தம் காலத்தில் படித்ததோடு சரி. ஏழாங்கட்டைக்கு வர வேறு யாரும் கிடைக்காததால், "நானே படிச்சுப் படிச்சுச் சொல்லித் தாரேன்லா" என்று பதினோரு வருடத்துக்கு முன் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை தான் படிப்பதைச் சனிக்கிழமை சொல்லித் தருவார். அவரிடம் படித்த பல பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்.

வகுப்பின் புத்தகங்கள் இரவல். பென்சிலில்தான் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் 'உயர்நிலைச் சிந்தனை' என்று இரண்டு பக்கம் வரும். கடினமான கேள்விகள். அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, மூன்று ஓரத்திலும் ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டுத்தான் டீச்சர் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்.

"பாத்தவுடனே மனசு ஒடஞ்சிருமுங்கண்ணே. முதல்ல பாஸ் பண்ணட்டும்."

அடித்தது நான்; வருடா வருடம் கழன்றதைத் திரும்ப அடித்ததும் நான். தமிழாசிரியருக்கு அன்றைக்கு வேறென்ன வேலை? ஒரு புத்தகத்துக்குப் பத்து அத்தியாயம். பதினோரு வருடம்.*

*பெருக்கிப் பார்க்க வேண்டாம். நான் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது.

3

பழைய புத்தகங்கள் கிழிந்துவிட்டன. புதியவை வாங்க வேண்டும். ஈப்போ கடைக்காரர் இரண்டு மாதிரி கொடுத்தனுப்பினார். சிவப்பு அட்டைப் புத்தகம் மெலிசு. கேள்விக்குக் கீழேயே வழிமுறை, விடை, எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் இருக்கும். நீல அட்டைப் புத்தகம் தடி. கடைசிப் பக்கக் கேள்விகளுக்கு விடையே கிடையாது.

டீச்சர் சிவப்பைக் கையிலெடுத்தார். "இதுல ஸ்டேப்ளர் வேலையே இல்லண்ணே."

அங்கே இருந்த சதாசிவம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், கஷ்டமான கணக்கைக் கண்ணுலயே காட்டாம வளத்தா, பிள்ளை பரீட்சை மண்டபத்துலதான் அதை முதல் தடவை பாக்கும். அங்க நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க."

"நீங்க சொல்லலாம் சார். அழுதுகிட்டு வர்ற பிள்ளைங்கள நான்தானே பாக்குறேன்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. எழுதும்போது எனக்கே யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. அதனால்தான் சதாசிவம்

4

சதாசிவத்தை எழுப்பி அனுப்பிவிடுகிறேன். அப்படி ஒருவர் இல்லை. கண்ணாடியும் ரயில்வேயும் நான் கொடுத்தவை. டீச்சரிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னது நான். பதினோரு வருடம் ஸ்டேப்ளரை அமுக்கிவிட்டு, திடீரென்று நியாயம் பேசியது நான் என்று எழுத வெட்கமாக இருந்தது. (சதாசிவம் சார், மன்னிக்கவும். நன்றாகத்தான் பேசினீர்கள்.)

டீச்சருக்குக் கோபம் வந்தது. பழைய புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். நானும் அடுக்கினேன். அப்போதுதான் பின் குத்தியது.

எங்கள் பின் பெரியது, வெள்ளை நிறம். குத்தியது சிறியது, செப்பு நிறம். பக்கத்தில் பழைய துளைகளும் இருந்தன. யாரோ எங்கள் பின்னைப் பிரித்துவிட்டுத் தங்கள் பின்னைக் கொண்டு திரும்ப அடித்திருக்கிறார்கள். அட்டையின் உள்ளே கடைசிப் பெயர்: தினேஸ்வரி, நான்காம் படிவம்.

தினேஸ்வரியை டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. நடுத்தவணைச் சோதனையில் முப்பத்தொரு மதிப்பெண். "விட்டுருமா, மத்த பாடத்துல ஏ எடுக்கலாம்" என்று சொன்னவர் டீச்சரே. பள்ளியில் பாடத்தை விடுவதற்கான விண்ணப்பப் பாரத்தில் அவள் அம்மா மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் ஒருவர் அப்படித்தான் நல்லெண்ணத்தோடு

(இதை விடுகிறேன். இது என் கதை இல்லை.)

பின்னைப் பிரித்தோம். மற்ற பக்கங்களை ஒழுங்காக அழித்துக் கொடுத்தவள், இவற்றை அழிக்கவில்லை. யாரும் திறக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறாள்.

கேள்வி இது: நூறு சென்டிமீட்டர் கம்பியை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை வட்டமாகவும் மற்றதைச் சதுரமாகவும் வளைக்கிறோம். இரண்டின் பரப்பளவும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்க எங்கே வெட்ட வேண்டும்? அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஐம்பது வரிகள். வட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கொடுத்தால் இவ்வளவு பரப்பு, இரண்டு கொடுத்தால் இவ்வளவு, மூன்று கொடுத்தால் இவ்வளவு. ஒவ்வொன்றாக ஐம்பது வரை போட்டிருக்கிறாள். நாற்பத்து நாலைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு சொல். கீழே தேதி.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதத்துக்குப் பிந்திய தேதி.

பாடத்தையே விட்ட பிள்ளை, யாரும் கேட்காமல், மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும், ஐம்பது வரி போட்டிருக்கிறாள். டீச்சர் அந்தப் பக்கத்தைத் துப்பட்டாவால் மெல்லத் துடைத்தார். பிறகு, அழிந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

தினேஸ்வரி அடுத்து ஐந்தாம் படிவம். விட்ட பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் பாரம் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் புதன்கிழமை.

6

சனிக்கிழமை புஷ்பலதா டீச்சர் ஈப்போ கடைக்குப் போய்ப் பன்னிரண்டு நீலப் புத்தகங்கள் வாங்கினார். தினேஸ்வரி பாரத்தைக் கொடுத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எஸ்.பி.எம். முடிவில் அவளுக்கு ஏ. சுபம்.

(ஐந்தாம் பகுதி எங்கே என்று கேட்கிறீர்களா? அச்சுப் பிழை இல்லை. அது கொஞ்சம் கடினமான பகுதி. உங்களுக்கு மனம் உடைந்துவிடும் என்று

இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கடைசிவரை படித்துவிட்டுத் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அண்ணே, அஞ்சு எங்க?"

"அது வேணாம் டீச்சர். உங்கள ஒரு மாதிரி நெனச்சிருவாங்க."

"எனக்கும் ஸ்டேப்ளர் அடிக்கிறீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதப் போடுங்கண்ணே. அத விட்டுட்டு இது என்னா கத?")

5

வியாழக்கிழமை மாலை தினேஸ்வரியின் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கையிலிருந்த பழைய புத்தகத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், சாரி டீச்சர். திருப்பி அடிச்சு வச்சிட்டேன்லா. கடையில சின்ன பின்னுதான் இருந்துச்சு."

"அதுக்கு வரலம்மா."

டீச்சர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன்ன விடச் சொன்னது என் தப்பு. திரும்ப எடுக்கிறியா? நாளைக்குத்தான் கடைசி நாள்."

தினேஸ்வரி புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"நாப்பத்து நாலுதான் வருது டீச்சர். எப்படிப் போட்டாலும் அதான். ஆனா ஏன்னு தெரியல. ஏன் டீச்சர்?"

டீச்சர் கேள்வியைப் படித்தார். திரும்பப் படித்தார். வெளியே பக்கத்து வீட்டுக் கார் உள்ளே வந்து நின்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியல தினேஸ்."

நான் ஏதாவது பேசி மூட வாயெடுத்தேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பக்கத்த நான் ஒரு நாளும் போட்டதில்ல. பதினோரு வருஷமா உங்களுக்குக் கஷ்டம்னு சொல்லி மூடி வச்சேன். எனக்குத்தான் கஷ்டம். நீங்க யாராச்சும் எந்திரிச்சுக் கேட்டுட்டா என்னா செய்யுறதுன்னு பயம்."

இதைத்தான் நான் ஒளித்து வைத்தேன். பதினோரு வருடம் சனிக்கிழமைகளைக் கொடுத்த ஒரு பெண்ணை நீங்கள் இந்த ஒரு வாக்கியத்தால் அளந்துவிடக் கூடாது என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. முதல் பகுதியில் அடிக்காமல் விட்ட மூன்றாவது தொடக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தினேஸ்வரி முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினாள்.

"அப்ப டீச்சருக்கும் வராதா? எனக்கு மட்டுந்தான் வரலன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் அத்தனை நிம்மதி. "சரி வாங்க டீச்சர், போட்டுப் பாக்கலாம்."

போட்டார்கள். வட்டத்துக்குப் போகும் துண்டை x என்று வைத்தார்கள். அடித்தார்கள், திரும்ப எழுதினார்கள். நான் போட்டுக் கொடுத்த தேநீர் ஆடை கட்டியது. ஒரு கட்டத்தில் டீச்சர், "ஏய், இது ரெண்டாவது அத்தியாயத்து வளைகோடுலா! அதோட அடிப்புள்ளிதான் நாப்பத்து நாலு!" என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைபோல் கத்தினார். அவரை அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

விளக்குப் போடும் நேரத்தில் தினேஸ்வரியின் அம்மா வேலை முடிந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, தரையில் ஒரே தாளின் மேல் குனிந்திருந்த இரண்டு தலைகளையும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த பாரத்தை நீட்டினேன். வாங்கி மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"போன தடவ சோறு தண்ணி எறங்காம அழுதுச்சு சார். அப்பவும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவ தாங்குமா?"

உள்ளேயிருந்த இருவருக்கும் இது கேட்கவில்லை. கேட்டது எனக்கு மட்டும். இப்போது உங்களுக்கும்.

நீலப் புத்தகம் வந்தது உண்மை. இந்த வருடம் என்னை ஸ்டேப்ளர் கொண்டுவர வேண்டாம் என்று டீச்சர் சொன்னதும் உண்மை. ஆனால் ஆறாம் பகுதியின் முதல் பத்தியில் மற்றதையெல்லாம் நம்பாதீர்கள், அதை நான் கோழைத்தனத்தில் எழுதினேன். அம்மா அன்று கையெழுத்துப் போட்டாரா, தினேஸ்வரி தாங்கினாளா என்று எனக்குத் தெரியும். இருந்தும் இங்கே எழுதப் போவதில்லை. விடை கீழேயே இருந்தால் கேள்வியை யாரும் இரண்டு முறை படிப்பதில்லை, நான் உட்பட.

பேனா திறந்தபடி இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலில் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்க வேண்டாம்.