ஆறாம் கேள்விக்கு முன்கூட்டியே வந்த பதில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிறுநீர்ப்பையிலிருந்து கிடைத்தது. என்னுடையதல்ல, பெஞ்சோவுடையது. ருசே நகரத் தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் சாயம் கலக்கியவன். ஆற்றங்கரைப் பூங்காவில் என்னோடு சதுரங்கம் ஆடித் தோற்பவன். (அவனைக் கேட்டால் தோற்பவன் நான் என்பான். ஆனால் எழுதுவது நான்.)

அவனுக்கு முன்பே, மார்ச்சில், என் சிறுநீர்ப்பையிலும் ஒரு கட்டியை, அவனுக்கு எடுத்த அதே டாக்டர் கிர்சேவ் எடுத்தார். சுத்தம் என்றார். இன்று அவர் மார்ச்சில் அறுவை ஆனவர்களுக்கு ஃபோன் செய்கிறாராம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். சும்மா உட்கார முடியாததால் எழுதுகிறேன்.

2

"கத்தியின் மேல் விளக்கொளி பட்டுத் தெறி—"

இல்லை. இந்த அறுவையில் கத்தியே கிடையாது. சிறுநீர் வரும் வழியாகவே குழாயை விட்டு, சூடான கம்பி வளையத்தால் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள்.

"கிர்சேவைக் கண்டாலே கட்டிகள் பயந்து உதிரும், ஒருமுறை பக்கத்து அறைக்காரரின் கட்டியும்கூட—"

இது பெஞ்சோ சொன்னது. பாதியை நம்பிவிட்டு மீதியை அடித்துவிட்டேன்.

சரி, இப்படித் தொடங்குகிறேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி தொங்க, பெஞ்சோ விழித்தபடி கிடந்தான். துணிக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் காதால்தான் பார்த்தான்.

"ருமியானா, லிஸ்டை முடி. காபி ஆறுது."

நர்ஸ் ருமியானா ஒவ்வொரு அறுவையின் முடிவிலும் எட்டுக் கேள்விகள் கேட்டு டிக் போட வேண்டும். ஆறாவது: கட்டிக்கு அடியிலுள்ள தசையிலும் கொஞ்சம் எடுத்தாயிற்றா? கட்டி உள்ளே வேர்விட்டிருக்கிறதா என்பதை அந்தத் துணுக்குத்தான் சொல்லும். அது இல்லாத 'சுத்தம்' மேலோட்டமான சுத்தம்.

"டாக்டர், ஆறாவதுக்கு ஏற்கெனவே டிக் இருக்கு."

"நல்லதாப் போச்சு."

"நான் இன்னும் பேனாவையே எடுக்கல."

"என்ன டாக்டர், உங்க வேகத்துக்குத் தாள் தானாவே எழுதிக்குதா?" என்றான் பெஞ்சோ.

"பேசாம படுய்யா."

"படுத்துத்தானே இருக்கேன். எழுந்து ஆடவா முடியும்?"

ருமியானா அலமாரியிலிருந்த தாள்கட்டை இறக்கினாள். நிரப்பாத தாள்கள். ஒவ்வொன்றிலும் ஆறாவது கட்டத்தில் அதே சாய்ந்த டிக்.

[வெற்றுத் தாள் தீர்ந்த ஒரு நாளில், யாரோ நிரப்பின தாளில் வெள்ளை மை பூசி நகல் எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு டிக்கில் பூச மறந்துவிட்டார்கள். பிறகு நகலுக்கு நகல். பூச மறந்தவரைத் திட்டுவதா, படிக்காமல் கையெழுத்துப் போட்டவரைத் திட்டுவதா என்று தெரியாமல் இந்த இடத்தில் ஒரு பத்தியைக் கிழித்தேன்.]

"எத்தனை மாசமா?" என்றார் கிர்சேவ்.

"பிப்ரவரியிலேர்ந்து. நாப்பத்தோரு பேர்."

பெஞ்சோ துணிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டான்:

"டாக்டர், எனக்குத் தசையை எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுத்தேன்னு நினைக்கிறேன்."

"அடுப்பை அணைச்சியான்னு பொண்டாட்டி கேட்டா நானும் இதைத்தான் சொல்வேன்."

3

முடிவு அ: கிர்சேவ் "எடுத்தாச்சு, எழுது" என்கிறார். எழுதிப் பார்த்தேன். ருமியானாவின் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

முடிவு ஆ: கிர்சேவ் அழுகிறார். அந்த ஆளை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நடந்தது:

"பெஞ்சோ, திரும்ப உள்ள போறேன். அந்த இடத்துல சுவர் மெலிசு. ஓட்டை விழலாம். வேணாம்னா நிறுத்திடறேன்."

"ஓட்டை விழுந்தா?"

"வயித்தைத் திறக்க வேண்டியிருக்கும்."

பெஞ்சோ பச்சைத் துணியையே பார்த்தான். வாய்க்கு ஒரு கேலியும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை என்று என்னிடம் சத்தியம் செய்தான். "எடுங்க" என்றான்.

எடுத்தார். ருமியானா பழைய டிக்கை அடித்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து சத்தமாகக் கேட்டாள். ஆறாவதுக்குக் கிர்சேவ் துணுக்குப் போட்ட சீசாவை விளக்கில் பிடித்து, நேரமெடுத்துப் பார்த்து, "தசை இருக்கு" என்றார். அவள் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து பெஞ்சோவுக்கு முடிவு வந்தது. தசையில் ஒன்றுமில்லை. கதையை இங்கேயே நிறுத்தினால் எல்லோருக்கும் நல்லது.

4

ஆனால் நாற்பத்தோரு பேர் இருக்கிறோம். ஆய்வகத்தின் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் படித்தார்கள். பதினேழு பேருடைய துணுக்குகளில் தசை இல்லை. அவர்கள் மறுபடி அறுவைக்குப் படுக்க வேண்டும். கிர்சேவ் வேறு யாரையும் பேச விடாமல் தானே கூப்பிடுகிறாராம். நேற்று பிப்ரவரி ஆட்கள் முடிந்தார்கள்.

என் பெயருக்கு நேராக என்ன இருக்கிறது என்று, இதையெல்லாம் ருமியானாவிடம் கேட்டு வந்து சொன்ன பெஞ்சோவிடம் கேட்டேன். அவன் குதிரையை நகர்த்தினான். தப்பான கட்டத்துக்கு.

மணி நாலரை. ஐந்துக்கு மருத்துவமனை அலுவலகம் மூடிவிடும். அதுவரை ஃபோன் அடிக்கவில்லையென்றால்—

அடிக்கிறது.

பெஞ்சோவாக இருக்கலாம், ஆட வரச்சொல்லி. என் தங்கையாகவும் இருக்கலாம். இவர்களில் ஒருவரை எழுதிவிட எனக்கு அரை நிமிடம் போதும். எழுத மாட்டேன். என் கை ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீங்கள் எடுத்து, யாரென்று கேளுங்கள்.