மூன்றாவது எட்டு

காப்பிப் பழ மூட்டைகளை எடை போட்டு முடித்து, மற்ற பெண்களெல்லாம் கிளம்பிப் போன பிறகும் வனிதா போகவில்லை. மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்த சாக்கைக்கூட எடுக்காமல் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்பழகன் அந்த மலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வனிதா அவர் மனைவி மேனகாவின் தங்கை. வேலை இடத்தில் அவள் அவரிடம் உறவு சொல்லிப் பேசியதே கிடையாது. அன்றைக்குத்தான் பேசினாள்.

"ஏனுங்க மாமா, சீட்டாட்டத்துல நீங்க எங்க ஊட்டுக்காரருக்கு வேணும்னே உட்டுக் குடுக்கறீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"பேக்கரி ஏசுராஜ் அண்ணன் சொன்னாருங்க. நீங்க நெசமா ஆடுனா இவரு முன்னால நிக்கவே மாட்டாருன்னு." சாக்கின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஜெயிக்கற தெகிரியத்துலதாங்க சேலம் போயி ஆடறாரு. ஒரே ஒரு தடவ உட்டுக் குடுக்காம ஆடுங்க மாமா. இனி சீட்டத் தொடவே கூடாதுங்கற மாதிரி தோக்கடிங்க."

அன்பழகன் அவள் காதைப் பார்த்தார். தோட்டுத் துளையில் விளக்குமாற்றுக் குச்சி சொருகியிருந்தது.

அவளுடைய கணவன் மணி சொந்த ஜீப் ஓட்டுகிறவன். சுற்றுலா வருகிறவர்களைச் சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று கூட்டிப் போவான். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல் அவனையும் உட்காரவைத்துக்கொண்டு போக்கர் சொல்லிக்கொடுத்தார்கள். போகும்போது காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் ஒரு டப்பா பிளாஸ்டிக் வில்லைகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மணி அதை ஏசுராஜின் பேக்கரிக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ரொட்டி அடுப்பின் சூடு மிச்சமிருக்கும் பின்னறையில் மூன்று பேரும் ஆடுவார்கள். தோற்றவன் டீயும் பன்னும் வாங்கித்தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். பிறகு நடுவில் மூன்று சீட்டு, எல்லோரும் பார்க்கும்படி. பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு முறை சீட்டு விழும்போதும் பந்தயத்தைக் கூட்டலாம், அல்லது கையை மடக்கிப் போட்டுவிடலாம். அன்பழகனுக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. மணியும் பிடிபட்டுவிட்டான். மணிக்குக் கையில் பெரிய ஜோடி வந்துவிட்டால், ராணி இரண்டோ ராஜா இரண்டோ, அதன் பிறகு நடுவில் என்ன விழுந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. கையில் வந்ததை யாரோ தனக்கென்றே அனுப்பிவைத்த மாதிரி பிடித்துக்கொள்வான். அதைப் பார்த்து அன்பழகன் பல தடவை நல்ல கையை மடக்கிப் போட்டிருக்கிறார். சகலை சிரிக்கட்டுமே என்றுதான். ஒரு பன்னில் என்ன வந்துவிடப்போகிறது?

ஆனால் மணி போனில் காசு வைத்து ஆட ஆரம்பித்தான். போனில் ஆடத் தடை வந்ததும் சேலத்தில் ஒரு மாடியறையைக் கண்டுபிடித்தான். வனிதாவின் தோடு அந்த மாடிப்படி ஏறிப்போனதுதான், திரும்பி வரவில்லை. இனி வீட்டில் மிஞ்சியிருப்பது ஜீப்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அன்பழகன் விட்டுக்கொடுக்காமல் ஆடினார். மணி தோற்றான், சிரித்தான், டீ வாங்கித் தந்தான். டீக்குத் தோற்பதில் யாருக்கும் புத்தி வராது என்று அன்பழகனுக்குப் புரிந்தது.

கார்த்திகை மழை விடாமல் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி சவரம் செய்யாத முகத்தோடு வந்தான். முந்தின நாள் சேலத்துக்குப் போய் வந்திருந்தான். உட்கார்ந்து சிறிது நேரத்துக்கெல்லாம், அன்பழகனின் கைக்கு இரண்டு எட்டுகள் வந்தன. பெரிய ஜோடியும் இல்லை, தள்ளிவிடக்கூடியதும் இல்லை. மணி தன் சீட்டுகளை ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். இரண்டாவது தடவை பார்க்கவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பெரிய ஜோடி என்று அன்பழகனுக்குத் தெரிந்துவிட்டது.

ஏசுராஜ் தன் கையை மடக்கிப் போட்டுவிட்டு, மூன்று சீட்டுகளை நடுவில் விரித்தார். ராஜா, எட்டு, மூன்று.

நடுவில் விழுந்ததையும் சேர்த்தால் அன்பழகனுக்கு இப்போது மூன்று எட்டுகள். எந்த ஜோடியையும் அது வெல்லும். அவர் வில்லைகளைத் தொட்டார், தயங்கினார், கையை எடுத்துக்கொண்டார். மணி ஒரு குவியலைத் தள்ளினான். அன்பழகன் சுவரில் வடியும் ஈரத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், மனசில்லாதவர்போல அதே அளவைத் தள்ளினார். அடுத்த சீட்டு ஐந்து. மணி இன்னும் பெரிய குவியலைத் தள்ளினான். அன்பழகன் இந்தத் தடவை அதைப்போல் இரண்டு மடங்கு வைத்தார்.

அங்கே மணி நின்றிருக்கலாம். சற்று முன்பு தயங்கிய மனுசன் ஏன் திடீரென்று முன்னால் வருகிறான் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

"அண்ணா, இன்னைக்கு வில்லைக்கு வேண்டாமுங்க" என்றான். பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து நடுவில் வைத்தான். "என்ற ஜீப்பு. உங்க மாரமங்கலத்துத் தோட்டத்து மொளகு, இந்த வருசத்துது. செரிங்களா?"

"வேண்டாம் மணி, பன்னுக்கு ஆடற எடம் இது" என்றார் ஏசுராஜ். "எந்திரிங்கப்பா ரெண்டு பேரும்."

"நீங்க இருங்கண்ணா. அவரு சொல்லட்டும்."

வனிதாவுக்காகத்தான் இது என்று பிற்பாடு அன்பழகன் பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தக் கணத்தில் வனிதா அவர் நினைப்பிலேயே இல்லை. அவள் காது நினைப்பில் இல்லை. மணியின் தொண்டை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு இனிப்பு மேலே வந்தது. இத்தனை வருசம் விட்டுக்கொடுத்ததையெல்லாம் இன்றைக்கு ஒரே வாயில் திரும்பச் சாப்பிடுவதுபோல இருந்தது.

"செரி" என்றார்.

கடைசிச் சீட்டு ஒன்பது. மணி தன் கையை விரித்தான். இரண்டு ஏஸ்கள். அதற்கு மேல் ஒரு ஜோடி கிடையாது. அவன் முகத்தில் குழந்தைக் களை வந்திருந்தது. நடுவில் கிடந்த எட்டுக்குப் பக்கத்தில் அன்பழகன் தன் இரண்டு எட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்தார்.

மணி எட்டுகளை எண்ணிப் பார்த்தான். பிறகு மணி கையை நீட்டி அன்பழகனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லா ஆடுனீங்கண்ணா" என்றான். குடையில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போனான்.

ஒரு வாரம் சாவியை வைத்திருந்து, நன்றாக உறைத்த பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அன்பழகனின் கணக்கு. அந்த வாரம் மணி வெளியிலேயே வரவில்லை. சாவியோடு போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ஆட்டம்னா ஆட்டமுங்க. நான் ஜெயிச்சிருந்தா உங்க மொளக உட்டிருப்பனா?"

"ஊட்டுல புள்ளைக இருக்குது மணி. வெளையாடாத."

"நான் வெளையாடறதில்லீங்க. உட்டுட்டேன்."

விட்டது உண்மைதான். சீட்டை விட்டான், சேலத்தை விட்டான். கூடவே சவரத்தை, ஸ்டாண்டில் நிற்கும் கூட்டாளிகளை, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை. வேறு வண்டிக்கு டிரைவராக வரச்சொல்லி ஆள் வந்தபோது, சரி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தான். மார்கழி பிறந்து, பக்கத்து வீடே தெரியாதபடி பனிமூட்டம் இறங்கிய நாட்களில் அவன் கட்டிலில் இருப்பதும் இல்லாததும் ஒன்றாக இருந்தது. வனிதா எடை போட வரும்போது அன்பழகனின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "சீட்ட உடத்தானுங்க மாமா சொன்னேன்."

அது தாங்காமல்தான் அவர் மறுபடி போனார். வனிதா அடுப்படியில் இருந்தாள். மணியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினார். அவன் விரல்கள் மூடவில்லை. சாவி தரையில் விழுந்தது.

"டேய், இது உன்ற ஜீப்புடா! உன்னைத் திருத்தத்தான்டா ஆடுனேன். வனிதா அம்மிணிதான் வந்து அழுதுச்சு, ஒரு தடவ நல்லாத் தோக்கடிங்கன்னு!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

மணி எழுந்து உட்கார்ந்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் கண்கள் ஒன்றைப் பார்த்தன. முதலில் அன்பழகனை, பிறகு அடுப்படி வாசலை.

"அப்ப நான் ஒருத்தர்கூட ஆடலீங்க" என்றான் நிதானமாக. "ரெண்டு பேரு சேந்து ஒரு கைய ஆடிருக்கீங்க. அந்தச் சேலத்து மாடியிலகூட அதுக்கு ஒதைப்பாங்க."

"நான் கெட்டது நெனைக்கலீங்க" என்றாள் வனிதா, வாசலைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும்" என்றான். "நொம்ப நல்லதுதான் நெனச்சீங்க ரெண்டு பேரும்."

மறுநாள் காலை அவன் குப்பனூர் வழியாகக் கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறியதை ஏசுராஜ் பார்த்திருக்கிறார். பையும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "கீழ வெய்யில் அடிக்குமில்லீங்கண்ணா" என்றானாம். ஏசுராஜ் கடையைக்கூடச் சாத்தாமல் எஸ்டேட்டுக்கு ஓடிவந்து சொன்னார். அன்பழகன் மணியின் நம்பரை அடித்துப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப்.

வனிதா அன்று வேலைக்கு வந்திருக்கவில்லை. அன்பழகன் அவள் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்துதான் கிடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். ஏசுராஜ் பார்த்ததை, பஸ்ஸை, போனை. சேலத்துக்குப் போய்த் தேடலாம், இப்போதே ஜீப்பை எடுக்கிறேன் என்றார். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஈரத்துணி போட்டிருந்தது. மழை ஆரம்பித்ததிலிருந்து எதுவும் முழுசாகக் காய்ந்திருக்காது. வனிதா மணியின் காக்கிச் சட்டையை எடுத்து, கக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். இரண்டு கைகளையும் இழுத்துச் சுருக்கம் நீவினாள். பிறகு மறுபடி அதைக் கயிற்றில், அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாகத் தள்ளிப் போட்டாள். திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.